மூழ்காத ஏரியில் ஒரு சாம்பியன்

ஹெனாரோ தன் மனைவி டெல்மிராவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு பிப்ரவரி மாதத்துக் காலையில், சமையலறை வாசலில். அவர்கள் ஊரான சால்ட்டாவில் அது மழைக்காலம். முந்தின நாள் சாயங்காலம் பிடித்த மழை விடிந்த பிறகுதான் விட்டது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். வெளியே இவ்வளவு தண்ணீர் போதாதென்று சமையலறைக் குழாயும் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு வாஷர் வாங்கிவரலாம் என்று ஹெனாரோ கிளம்பினார். கிளம்பும்போது டெல்மிரா சுரைக்குடுக்கையில் மாத்தே என்கிற இலைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் நின்றபடியே உறிஞ்சிவிட்டுக் குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தார். நன்றி சொல்லவில்லை. அந்த ஊர்ப் பக்கம் மாத்தேக் குடுக்கையைத் திருப்பித் தரும்போது நன்றி சொன்னால் எனக்குப் போதும் என்று பொருள். அவருக்குப் போதவில்லை. வந்து இன்னொன்று குடிக்கலாம் என்றிருந்தார்.

"ரோட்டுல தண்ணி நிக்குது, கிழவா. கரையோரமாவே நீந்திப் போ."

"உன் வாய் இருக்கே, கிழவி!"

அவ்வளவுதான் பேச்சு. அரைமணி நேரத்தில் வாஷரோடு திரும்பினார். டெல்மிரா மேஜை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தாள். தெர்மாஸில் தண்ணீர் இன்னும் சூடாக இருந்தது.

கரையோரமாக நீந்திப் போ என்று அவள் சொன்னதற்குப் பின்னால் ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையில் ஹெனாரோவின் மானம் போகிறது. போனது போனதுதான். இனிமேல் அதைச் சொல்வதில் புதிதாக நஷ்டம் ஒன்றுமில்லை.

ஹெனாரோ தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். கெட்ட பழக்கம் என்று எதுவும் கிடையாது. வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்று. இருபத்தெட்டு வயதில், யார் வீட்டுக் குழந்தைக்கோ ஞானஸ்நானம் ஆன விருந்தில், மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பேச விஷயம் கிடைக்கவில்லை. தையல் மெஷினைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுவது? "நான் பரானா ஆத்தை நாலு தடவை நீந்திக் கடந்திருக்கேன்" என்று ஹெனாரோ சொல்லிவிட்டார். அவர் பிறந்து வளர்ந்தது லா ரியோகாவில். அங்கே குளிப்பதற்கே தண்ணீர் கிடையாது. முகம் கழுவின தண்ணீரைத் தக்காளிச் செடிக்கு ஊற்றுகிற ஊர்.

"அப்படியா?" என்றாள் மஞ்சள் கவுன். "எனக்குத் தண்ணின்னாலே பயம்."

அவள் பிறந்ததே பரானா ஆற்றங்கரையில் என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. முதல் வருடம் சரியாகத் தூங்கவில்லை. பிறகு நிம்மதி வந்துவிட்டது. ஆற்றங்கரையில் பிறந்தும் தண்ணீருக்குப் பயப்படுகிற மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இருந்தாலும் ஒவ்வொரு கோடையிலும் அணைக்கட்டுக்கு உல்லாசப் பயணம் போகிற குடும்பம் அது. அதற்காக ஹெனாரோ ஒரு காதுக்கோளாறை வரவழைத்துக்கொண்டார். "டாக்டர் தண்ணியே படக்கூடாதுன்னுட்டார்" என்று சொல்லி, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மரநிழலில் உட்கார்ந்துவிடுவார். அங்கிருந்தபடியே நீந்துகிறவர்களுக்கு யோசனை சொல்வார். "காலை உதறு! மூச்சைப் பிடி! அப்படி இல்லை, இப்படி!" அவருடைய இரண்டு மைத்துனர்கள் இந்த வகையில்தான் நீச்சல் கற்றார்கள். ஒருவன் ஜில்லாப் போட்டியில் மெடல் வாங்கினான். மேடையில் ஹெனாரோவின் பெயரைச் சொல்லி நன்றி சொன்னான். டெல்மிரா முழங்கால் ஆழத்தில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று கைதட்டினாள்.

இப்படி முப்பத்தொரு வருடம் ஓடியது. டெல்மிராவுக்கு அறுபதாவது பிறந்தநாள் நெருங்கியது. பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுத்து அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தாள்.

"என்ன வேணும் சொல்லு" என்றார் ஹெனாரோ. "மோதிரமா? புதுக் கோட்டா?"

"ஒண்ணும் வேணாம், கிழவா. சாகறதுக்குள்ள நீ நீந்துறதை ஒரே ஒரு தடவை பாக்கணும்."

"காது..."

"காதுக்குப் பஞ்சு இருக்கு."

அன்றைக்கு ஹெனாரோ மூன்று தையல் மெஷின்களைத் தப்பாகப் பூட்டினார். ஒன்று பின்பக்கமாகத் தைத்தது.

மறுநாள் முடிவெட்டிக்கொள்ளப் போன இடத்தில்தான் வழி பிறந்தது. கிழிந்துபோன பழைய பத்திரிகை ஒன்று. அதில் ஒரு பக்கம் முழுக்கப் படம். எல்லைக்கு அந்தப் பக்கம், சிலி நாட்டுப் பாலைவனத்தில், ஒரு உப்பு ஏரி. குண்டு மனிதர் ஒருவர் தண்ணீர்மேல் மெத்தையில் படுத்ததுபோலப் படுத்திருக்கிறார். கீழே எழுதியிருந்தது: 'இந்த ஏரியில் யாராலும் மூழ்க முடியாது.'

ஹெனாரோ அந்த வரியை ஐந்து தடவை படித்தார். சட்டைப்பையில் இருந்த பென்சிலால் அடிக்கோடு போட்டார். முடிவெட்டுகிறவர் இருமிய நேரம் பார்த்துப் பக்கத்தைக் கிழித்து மடித்து, வீட்டுக்குப் போனதும் தொப்பியின் உள்துணிக்குள் செருகி வைத்தார். மூழ்க முடியாதென்றால் மிதந்துதானே ஆகவேண்டும்? மிதந்தபடி கையை இரண்டு ஆட்டு ஆட்டினால் அதற்குப் பெயர் நீச்சல். முப்பத்தொரு வருடத்துப் பொய் ஒரே நாளில் மெய்யாகிவிடும். பாவமன்னிப்புக்குக்கூட இவ்வளவு சுலபமான வழி கிடையாது!

ஏற்பாடுகள் பலமாக நடந்தன. கடையில் ஒரு நீச்சல் கால்சட்டை வாங்கினார். புதுசு என்று தெரிந்துவிடக்கூடாதே என்று நாலு தடவை சலவைச் சோடாவில் ஊறவைத்து, செங்கல்லால் தேய்த்தார். பட்டறையின் பின்பக்கம் முக்காலியின்மேல் குப்புறப் படுத்துக் கைகளைச் சுழற்றிப் பழகினார். ஒருநாள் டெல்மிரா வந்து நின்றாள்.

"என்ன பண்றே?"

"முதுகு வலி. வைத்தியர் சொன்னார்."

"கையை ஏன் துழாவுறே?"

"அதுவும் முதுகுக்குத்தான்."

"அப்படியா" என்றாள் அவள்.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி அதிகாலை பஸ்ஸில் கிளம்பினார்கள். ஆண்டிஸ் மலையேறி இறங்கப் பத்து மணி நேரம். உயரத்துக்கு மூச்சு வாங்கும் என்று ஹெனாரோ வழக்கம்போல் கன்னத்தில் கோக்கா இலையை உருண்டையாக அடக்கிக்கொண்டார். சிலி எல்லைக்குள் அந்த இலை ஆகாது என்பது அவருக்குத் தெரியும். எல்லைச் சாவடி வரும்போது துப்பிவிடலாம் என்றிருந்தார். தூங்கிப் போனார். கண் விழித்தபோது சிலி அதிகாரி எதிரே நிற்கிறார்.

"ஐயா, சாப்பாடு, பழம், இலை ஏதாவது கொண்டுவர்றீங்களா?"

ஹெனாரோ தலையை ஆட்டினார்.

"வாயைத் திறந்து சொல்லுங்க."

வேறு வழியில்லை. விழுங்கினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

"நாட்டை விட்டு முதல் தடவையா வெளிய வர்றார்" என்றாள் டெல்மிரா. "அதான் அழறார்."

பஸ் போய் நின்ற சான் பெத்ரோ என்ற ஊரில், மறுநாள் ஏரிக்குக் கூட்டிப்போக ஒரு வேன் பேசினார்கள். எந்த வேன், எந்தப் பயணம் என்று தேர்ந்தெடுக்கிற பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்வதாக டெல்மிரா சொன்னாள். பிறந்தநாள் அவளுடையதல்லவா? ஹெனாரோ பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். கூட்டிப்போகிற பெண்ணின் பெயர் யாஸ்னா. பேச்சில் வேகம், வேனில் அதைவிட வேகம்.

வேன் கிளம்பும்போதே ஹெனாரோ காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார். காதுக்கோளாறு என்று சொன்னவர் அதைக் காப்பாற்ற வேண்டாமா? சாதாரணப் பஞ்சு போதாதென்று மெழுகில் தோய்த்து இறுக்கிவிட்டார். அதற்குப் பிறகு உலகம் ஊமைப்படம் ஆகிவிட்டது. யாஸ்னாவின் வாய் அசைந்தது. டெல்மிரா தலையாட்டினாள். ஹெனாரோவும் தலையாட்டினார்.

ஏரியில் காற்றும் வெயிலும் ஒன்றாக அடித்தன. ஹெனாரோ மேல்துணியைக் களைந்து, வயிற்றை உள்ளே இழுத்து, கரையில் கம்பீரமாக நின்றார். டெல்மிரா அருகே வந்து, காது மடலுக்குப் பக்கத்தில் கத்தினாள்.

"கிழவா! கால்சட்டையில சீட்டு தொங்குது!"

செங்கல்லால் எவ்வளவு தேய்த்தாலும் கடைக்காரன் கோத்த விலைச்சீட்டின் நூல் போகவில்லை. "டிரை கிளீனிங்காரன் சீட்டு அது" என்று சொல்லிவிட்டு ஹெனாரோ இறங்கினார். பனிக்கட்டி மாதிரித் தண்ணீர். பல்லைக் கடித்துக்கொண்டு மல்லாந்தார்.

மிதந்தார்!

அறுபதைத் தொடப்போகிற வயதில் ஒரு மனிதனுக்கு இப்படி ஒரு சந்தோஷம் வரலாமா என்று தெரியவில்லை. வந்தது. கால் கட்டைவிரல்கள் இரண்டும் தண்ணீருக்கு மேலே நின்று அவரைப் பார்த்தன. தூரத்தில் எரிமலை, மேலே நீலம், நடுவில் ஹெனாரோ. கையை ஒரு சுழற்று சுழற்றினார். நகர்ந்தார். இன்னொரு சுழற்று. "பாத்தியா!" என்று கரையைப் பார்த்துக் கூவினார். டெல்மிரா கைதட்டினாள். பிறகு கையை நீட்டி எதையோ காட்டினாள். அங்கே ஒரு பிரேசில்காரம்மா, இவரைப்போல ஒன்றரை மடங்கு, மல்லாந்து கிடந்தபடியே நிதானமாகக் கைநகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அவளும் பரானாவைக் கடந்தவளா?" என்று டெல்மிரா கத்தியது பஞ்சையும் தாண்டிக் கேட்டது.

ஹெனாரோவுக்கு ரோஷம் வந்தது. நிஜ நீச்சல் காட்டலாம் என்று குப்புறத் திரும்பினார். அது தப்பு. உப்புத் தண்ணீர் அவருடைய பின்பக்கத்தைத் தூக்கி வானத்துக்குக் காட்டியது. முகத்தை ஏரிக்குக் கொடுத்தது. கண், மூக்கு, தொண்டை எல்லாம் ஊறுகாய் ஆயின. யாஸ்னா ஓடிவந்து பாட்டில் தண்ணீரைக் கண்ணில் ஊற்றினாள்.

"என்ன ஆச்சு?" என்று டெல்மிரா காதருகே கத்தினாள்.

"அது பட்டர்ஃப்ளை நீச்சல்" என்றார் ஹெனாரோ, கண்ணைத் திறக்காமலே. "ரொம்பக் கஷ்டமானது."

ஆனாலும் காரியம் முடிந்துவிட்டது. அவர் நீந்தினார், அவள் பார்த்தாள். வேனில் ஏறி உட்கார்ந்தபோது உடம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துத் தன் சிலையைப்போலத் தானே இருந்தார். இதோடு நிறுத்தியிருக்கலாம்.

வேன் வெண்ணிற உப்புத் தரையில் கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. அங்கே தரையில் இரண்டு வட்டக் குழிகள். பெரிய கிணறுகள் மாதிரி, விளிம்பு வரைக்கும் கருநீலத் தண்ணீர். அந்த ஊர்க்காரர்கள் அவற்றைக் கண்கள் என்கிறார்கள். யாஸ்னா எல்லோரையும் நிறுத்திவைத்துக் கையை ஆட்டி ஆட்டி நெடுநேரம் பேசினாள். ஊமைப்படத்தில் கடைசிக் காட்சி. ஹெனாரோ தலையாட்டினார். ஒரு ஜெர்மன்காரன் ஓடிவந்து தொப்பென்று குதித்தான், எழுந்தான், சிரித்தான். இன்னொருவன் குதித்தான்.

டெல்மிரா ஒரு கல்லில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக் கழட்டுறே?" என்றார்.

கால் வலி என்று சைகை காட்டினாள். பிறகு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு என்னவோ கேட்டாள். உதடு அசைந்ததிலிருந்து 'குதிக்கப் போறியா?' என்று இருக்கலாம் என்று ஹெனாரோ ஊகித்தார்.

"இதெல்லாம் எனக்கு எம்மாத்திரம்!" என்றார்.

சுற்றிலும் உப்புப் பாலைவனம். கண்ணுக்கெட்டிய தூரம் உப்பு. அதன் நடுவில் இருக்கிற தண்ணீர் வேறு எப்படி இருக்கும்? ஹெனாரோ விளிம்பில் நின்று கூட்டத்துக்கு ஒரு வணக்கம் வைத்தார். கைகளைத் தலைக்குமேல் சேர்த்தார். குதித்தார்.

கீழே போனார். தக்கை மாதிரி மேலே தள்ளும் என்று காத்திருந்தார். இன்னும் கீழே போனார். இங்கே உப்பு கொஞ்சம் தாமதமாக வேலை செய்கிறது போலிருக்கிறது என்று நினைத்தார். ஒரு வாய் விழுங்கியபோதுதான் நாக்கு உண்மையைச் சொன்னது. பச்சைத்தண்ணீர்! லா ரியோகாவில் கிடைத்திருந்தால் கொண்டாடியிருப்பார்கள். முக்காலியில் பழகியது எதுவும் ஞாபகம் வரவில்லை. மேலே வட்டமான வெளிச்சம் சின்னதாகிக்கொண்டே போனது.

அப்போது அந்த வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பூப்போட்ட பாவாடை ஒன்று குடைபோல் விரிந்து இறங்கியது. ஒரு கை அவர் தலையில் மிச்சமிருந்த முடியைக் கொத்தாகப் பிடித்தது. பிடித்த பிடியில் இழுத்தது. ஹெனாரோ மேலே வந்தார். டெல்மிரா ஒரு கையால் அவரைத் தூக்கிப் பிடித்து, மறுகையால் தண்ணீரை வெட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் கரைக்கு நீந்தினாள். ஜெர்மன்காரர்கள் கைதட்டினார்கள்.

கரையில் அவரைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள். முதலில் தண்ணீர் வந்தது. பிறகு இடது காதுப் பஞ்சு வந்தது. உலகம் திடீரென்று பேசத் தொடங்கியது.

"மூணு தடவை சொன்னேனே ஐயா!" யாஸ்னா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "இது நல்ல தண்ணி, அடி ஆழம் தெரியாது, நீச்சல் தெரியாதவங்க இறங்காதீங்கன்னு! அம்மா, நீங்க எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"பரானா ஆத்துல" என்றாள் டெல்மிரா, பாவாடையைப் பிழிந்துகொண்டே. "ஏழு வயசுல."

திரும்புகிற பஸ் மலை ஏறத் தொடங்கியது. டெல்மிரா தெர்மாஸைத் திறந்து மாத்தே ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடித்தார். உயிரைக் காப்பாற்றியவள் அவள். ஒரு நன்றியாவது சொல்லவேண்டும். ஆனால் சொல்ல வாயெடுக்கும் ஒவ்வொரு தடவையும் கையில் குடுக்கை இருந்தது. இப்போது சொன்னால் மாத்தே நின்றுபோகும். தொண்டையோ உப்பில் எரிகிறது. சொல்லாமலே ஏழு சுற்றுக் குடித்தார்.

எட்டாவது சுற்றில் கேட்டார். "உனக்கு நீச்சல் தெரியும்னு ஏன் சொல்லலே?"

"சொல்லியிருந்தா, நாலு தடவை ஆத்தைக் கடந்தவன் கதி என்னாகுறது?"

"எப்பலேருந்து தெரியும்?"

"அந்த விருந்துலேயே தெரியும். எந்த ஊர்ல நீ கடந்தேன்னு கேட்டேன். ஒரு ஊர் பேரைச் சொன்னே. அங்கேருந்து ஆத்துக்கு நூறு மைல் போகணும். நான் பூகோள டீச்சர், கிழவா."

"பின்னே ஏன் என்னைக் கட்டிக்கிட்டே?"

"பொய் சொன்னப்போ உன் காது ரெண்டும் செவந்துது. இந்த ஆள் எப்ப பொய் சொன்னாலும் தெரிஞ்சுடும், இவனோட நிம்மதியா இருக்கலாம்னு தோணிச்சு."

ஹெனாரோ காதைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. பிறகு அவருக்கு ஒரு நப்பாசை வந்தது. "நீ மட்டும் என்ன? முப்பது வருஷமா நீந்தவே இல்லையே. அதுவும் ஒரு தண்டனைதானே?"

"புதன்கிழமை எங்க போவேன்?"

"தையல் சங்கத்துக்கு."

"மெஷின் ரிப்பேர் பண்றவன் பொண்டாட்டி பதினெட்டு வருஷம் தையல் சங்கத்துக்குப் போயிருக்கேன். ஒரு கைக்குட்டையாவது தச்சுக் கொண்டு வந்தேனா?"

"வீட்டுக்கு வரும்போது தலை ஈரமா இருக்குமே. வேர்வைன்னு சொன்னே."

"ஜூலை மாசத்துல வேர்வை!"

ஜூலை அங்கே குளிர்காலம். அந்த வேர்வையைப் பதினெட்டு வருடம் நம்பியிருந்தார் ஹெனாரோ. டெல்மிரா கைப்பையைத் திறந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தைக் கொடுத்தாள். பத்திரிகைப் பக்கம். அவர் அடிக்கோடு போட்டது.

"தொப்பியை பிரஷ் பண்ணும்போது கெடச்சுது. பாதியை மட்டும் படிச்சுட்டுப் போருக்குப் போறியே. பின்பக்கம் திருப்பு."

திருப்பினார். பின்பக்கத்தில் இரண்டு வட்டக் கிணறுகள். கீழே எழுதியிருந்தது: 'ஏரிக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் இவை நன்னீர் ஊற்றுகள். நீச்சல் தெரிந்தவர்கள் மட்டும் இறங்கலாம்.'

"தெரிஞ்சுமா என்னை அங்க கூட்டிப் போனே?"

"நீ விளிம்புல நின்னு, 'கிழவி, எனக்கு நீந்தத் தெரியாது'ன்னு சொல்லிடுவேன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா அதுதான் எனக்குப் பிறந்தநாள் பரிசு." அவர் கையிலிருந்த குடுக்கையை வாங்கிக்கொண்டாள். "ஆனா உன்னை எனக்குத் தெரியுமே. அதான் செருப்பைக் கழட்டி வச்சேன்."

பிறகு கைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். சால்ட்டா முனிசிபல் குளத்தின் அட்டை. மேலே ஹெனாரோவின் முழுப்பெயர், அவள் கையெழுத்தில். அதன் கீழே, 'தொடக்க வகுப்பு, ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள்.' கீழே பத்துக் கட்டங்கள். ஒரு வகுப்புக்கு ஒரு துளை.

ஹெனாரோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இதுல ஏப்ரல் மூணுன்னு போட்டிருக்கு. நாம கிளம்புறதுக்கு ஒன்பது நாள் முன்னாடி!"

"ஆமா. நீ முடிவெட்டிட்டு வந்ததுக்கு மறுநாள்."

அவர் போனார். போகாமல் முடியுமா? தலைக்கு ரப்பர் தொப்பி, முதுகில் நுரைப்பலகை, இரண்டு பக்கமும் ஆறு வயதுக் குழந்தைகள். "ஹெனாரோ, காலை உதறு! அப்படி இல்லை, இப்படி!" என்று வாத்தியாரம்மா கரையிலிருந்து கத்தினாள். டெல்மிரா பக்கத்துத் தடத்தில் போய்வந்துகொண்டிருந்தாள், ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ஒரு பார்வை பார்த்தபடி. ஒன்பது வகுப்பு முடிந்தது. பத்தாவது வகுப்பில் ஆழமான பக்கத்தைப் பலகை இல்லாமல் தனியாகக் கடக்கவேண்டும். அன்றைக்கு ஹெனாரோ தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவந்தார்.

"பம்பு ரிப்பேராம். குளத்தை மூடிட்டாங்க."

டெல்மிரா அவர் காதைப் பார்த்தாள். பிறகு தெர்மாஸை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"அப்படியா" என்றாள்.

டெல்மிரா போன பிறகு, சமையலறைக் குழாய்க்கு அந்த வாஷரை ஹெனாரோவே பூட்டினார். இப்போது சொட்டுவதில்லை. குளத்து அட்டை சமையலறை அலமாரியில், மாத்தே டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. அதில் ஒன்பது துளை விழுந்திருக்கிறது. ஒரு கட்டம் பாக்கி.